பிரதேச சபையில் பல்லின விழா: முதல் தடவை ஒழுங்கு செய்பவர்களுக்கு

பிரதேச சபைக் கட்டடத்துக்கு நம்மில் பலர் போவது மூன்று காரியங்களுக்குத்தான். வரி கட்ட, வீட்டு வரைபடத்துக்கு அனுமதி எடுக்க, குப்பை வண்டி வரவில்லை என்று முறையிட. அதே கட்டடத்துக்குள் ஒரு சபா மண்டபம் இருக்கிறது, ஊருக்கான உபவிதிகள் அங்கேதான் நிறைவேறுகின்றன, அந்தக் கதிரைகளுக்கு ஆள் அனுப்புவதும் நாம்தான் என்பதெல்லாம் தேர்தல் காலத்தில் மட்டும் ஞாபகம் வரும்.

இலங்கையின் வடக்கில், எங்கள் வன்னியில், அந்தக் கட்டடத்தில் ஒரு நாள் எல்லாச் சமூகமும் கூடிக் கொண்டாடும் விழா வைப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. சனசமூக நிலையச் செயலாளராகப் புதிதாக வந்தவர், முதல் தடவை தெரிவான வட்டார உறுப்பினர், மாதர் சங்கத்தில் 'நீ படிச்சபிள்ளை, நீ செய்' என்று தலையில் கட்டப்பட்டவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நானும் அப்படித் தலையில் கட்டப்பட்டுத்தான் பழகினேன்.

கோயில் மண்டபம், பங்கு மண்டபம், பள்ளிவாசல் மண்டபம் எதில் வைத்தாலும் ஒரு பகுதியார் வீட்டுக்காரர், மற்றவர்கள் விருந்தாளிகள். சபையில் அப்படி இல்லை. மன்னார் முசலியில் இருந்து வரும் முஸ்லிமும், மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவரின் பேரப்பிள்ளையும், வவுனியா தெற்குச் சிங்கள விவசாயியும் அங்கே வரி கட்டுகிறவர்கள்தான். ஒருவரையும் விருந்தாளி ஆக்கக் கூடாது. கீழே சொல்லும் ஒழுங்குகள் எல்லாம் அதற்காகத்தான்.

மாகாண சபை பெரிது, அங்கே வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது யாழ்ப்பாணப் பக்கம் கைதடியில் இருக்கிறது. முல்லைத்தீவில் இருந்து போய்வரவே ஒரு நாள் போய்விடும். 2013 செப்டெம்பரில் தெரிவான சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு அங்கே தெரிவான உறுப்பினர்களும் இல்லை. பக்கத்தில் இருக்கும் பிரதேச சபையே போதும்.

நாள் பார்ப்பது

முகூர்த்தம் பார்ப்பதைவிட இது சிக்கல். கலாசாரப் பன்மைத்துவத்துக்கு ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த உலக நாள் மே 21. காகிதத்தில் பார்த்தால் அதுவே பொருத்தம். வன்னியில் அது சரிவராது. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 முடிந்து மூன்றாம் நாள் அது. அந்த வாரத்தில் இங்கே கன வீடுகளில் விளக்கு எரியும், அடுப்பு எரியாது. அந்த வாரம் மேளம் அடிக்காதீர்கள். மாவீரரை நினைவுகூரும் நவம்பர் கடைசி வாரமும் அப்படித்தான். அதோடு மழையும் சேரும்.

மிச்சத்தைக் கலண்டரில் பென்சிலால் வெட்டிக்கொண்டு வாருங்கள். நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். போன வருடக் கலண்டரை நம்பாதீர்கள். போயா நாளில் சிங்களப் பெரியவர்கள் விகாரைக்குச் சில் விரதம் எடுக்கப் போய்விடுவார்கள். தவக்காலத்தில் கத்தோலிக்கர் கொண்டாட்டம் வைப்பதில்லை. வைகாசி விசாகப் பொங்கலுக்கு முல்லைத்தீவு முழுக்க வற்றாப்பளை அம்மன் கோயிலில் நிற்கும். ஓகஸ்ட் 15ஐ ஒட்டி மடு மாதா கோயிலுக்குப் போகும் சனம் பாதி. பெரும்போக அறுவடையின்போது மெசின் வயலுக்குள் நிற்கும், ஆள் கிடைக்காது. பரீட்சைக் காலத்தில் மண்டபங்களுக்குக் கிட்ட ஒலிபெருக்கி போடவே முடியாது. தேர்தல் அறிவித்துவிட்டால் அந்த வருடம் பேசாமல் தள்ளிவையுங்கள்.

கிழமையில் சனிதான் நல்லது. வெள்ளியில் ஜும்ஆ, ஞாயிறு காலையில் பூசையும் அறநெறி வகுப்பும் பௌத்தப் பிள்ளைகளின் தகம் பாடசாலையும். ஆனால் சனிக்கிழமை சபை ஊழியருக்கு லீவு. காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் மேலதிக நேரக் கொடுப்பனவு யார் கொடுப்பது என்று முதலே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

நேரம் காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் மூன்றரை வரை. இரவு நிகழ்ச்சி அழகுதான், ஆனால் உள்ளூர் றோட்டுகளில் கடைசி பஸ் நேரத்தோடு போய்விடும். அதற்குப் பிறகு யானை இறங்கும். இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேரவேண்டும்.

கடிதமும் தீர்மானமும்

மூன்று மாதத்துக்கு முன் தொடங்குங்கள். சபை அமர்வு மாதத்துக்கு ஒரு தடவை. ஒரு அமர்வில் தள்ளிப்போனால் ஒரு மாதம் போச்சு.

தனி ஆளாகக் கேட்பதைவிட, பதிவுள்ள சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் ஒன்றின் கடிதத் தலைப்பில் கேட்பது வேலையை லேசாக்கும். இரண்டு மூன்று சமூகங்களின் சங்கங்கள் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது. கடிதம் தவிசாளருக்கு, பிரதி செயலாளருக்கு. திகதி, நேரம், எத்தனை பேர், எந்தெந்த அறைகள், மின்சாரம், மலசலகூடம், யார் பொறுப்பு என்பன ஒரு பக்கத்துக்குள் வரட்டும். 'சமூகங்களுக்கிடையே புரிந்துணர்வைக் கட்டியெழுப்பும் உயரிய நோக்குடன்' என்று ஆரம்பிக்கும் பந்தி வேண்டாம். அதை ஒருவரும் வாசிப்பதில்லை.

மண்டப வாடகையைக் குறைக்கவோ விலக்கவோ கேட்பதானால் அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். அது சபைத் தீர்மானமாக வரவேண்டிய விடயம். தவிசாளர் 'ஓம், தரலாம்' என்று வாயால் சொன்னதை நம்பிப் பந்தல்காரருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். தவிசாளர் ஒரு கட்சி, பாதி உறுப்பினர் வேறு கட்சி என்பதுதான் பல சபைகளின் நிலை. எதிர்த்தரப்பு உறுப்பினர்களையும் அமர்வுக்கு முன்பே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். கேள்விப்படாத ஒன்று சபைக்கு வந்தால் எதிர்ப்பது உறுப்பினரின் இயல்பு. தெரிவான சபை இல்லாத காலமும் வரும்; 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து 2025 மே தேர்தல் வரை செயலாளர்களே நடத்தினார்கள். அப்படியானால் கடிதம் செயலாளருக்கு.

மற்ற அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ். சாப்பாட்டுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தல். கலைக்குழுக்களின் விபரத்துக்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் கலாசார உத்தியோகத்தர். இவரிடம் நல்ல பட்டியல் இருக்கும். நுழைவுச்சீட்டு விற்காதீர்கள், களியாட்ட வரி என்று இன்னொரு கோப்பு திறக்கும். யார் செய்கிறார்கள், காசு எங்கிருந்து என்று விசாரிக்க ஆட்கள் வருவதும் உண்டு. பதறவேண்டாம். அழைப்பிதழ் ஒன்றைக் கையில் கொடுத்து, நீங்களும் வாங்கோ என்று சொல்லுங்கள்.

யாரை, எப்படிக் கேட்பது

பெரும்பாலான பல்லின விழாக்கள் பிழையாகப் போவது இங்கேதான். நாலு தமிழர் ஒரு மேசையில் இருந்து நிகழ்ச்சிநிரலை எழுதி முடித்துவிட்டு, 'சிங்களத்தில ஒரு டான்ஸ், முஸ்லிம்களிட்ட ஒரு பாட்டு' என்று கடைசியில் இடம் விடுவார்கள். இடம் விடப்பட்டவர் விருந்தாளிதான். ஆகவே நிகழ்ச்சிநிரல் எழுதுவதற்கு முன்பே குழுவைக் கூட்டுங்கள். ஒவ்வொரு சமூகத்திலும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், ஒருவராவது முப்பது வயதுக்குள். முதல் கூட்டத்தில் 'உங்கட பங்கு என்ன?' என்று கேட்காமல், 'இந்த நாளில என்ன இருக்கவேணும், என்ன இருக்கவே கூடாது?' என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் விழாவைக் காப்பாற்றும்.

வன்னியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையே நாம் அரைகுறையாகத்தான் எண்ணுகிறோம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மலையகத் தமிழர் குடியேறிய கிராமங்கள் நிறைய. 1958, 1977 கலவரங்களில் அடிபட்டு வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். அவர்களைத் 'தமிழர்' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அவர்களுக்குத் தப்பு மேளம் இருக்கிறது, காமன் கூத்து இருக்கிறது, பொன்னர் சங்கர் கதை இருக்கிறது. காமன் கூத்து மாசி மாதத்தில் நாட்கணக்காக நேர்த்தியோடு ஆடுவது. இருபது நிமிடத்துக்கு வெட்டித் தாருங்கள் என்று கேட்பது சரியா என்பதை ஆடுகிறவர்களிடமே கேளுங்கள். சிலர் பாட்டு மட்டும் தருவார்கள், சிலர் மாட்டோம் என்பார்கள். இரண்டும் நியாயம். முள்ளியவளைக் கோவலன் கூத்தும், மன்னாரின் மாதோட்டப் பாங்குக் கூத்தும் விடிய விடிய ஆடியவை. எந்தப் பகுதியை எடுப்பது என்பதைக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தீர்மானிக்கட்டும். நீங்கள் நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.

முஸ்லிம் குடும்பங்கள் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பிறகுதான் பெருமளவில் திரும்பத் தொடங்கினார்கள். இன்னும் ஒரு கால் புத்தளத்தில், ஒரு கால் இங்கே என்று இருப்பவர்கள் பலர். பிள்ளைகள் அங்கே படித்தால் நாலு நாள் முன் சொல்லி வரமுடியாது. ஒரு மாதமாவது வேண்டும். இசை, நடனம் பற்றி அவர்களுக்குள்ளேயே வேறுவேறு நிலைப்பாடு உண்டு. றபான் மேளம் வாசிக்கிறவர் ஒருவர் வருவார், கவிதை சொல்வேன் என்பார் இன்னொருவர், சாப்பாட்டு மேசையை மட்டும் எங்களிடம் தாருங்கள் என்பார் மூன்றாமவர். கேட்டதைக் கொடுங்கள்.

சிங்கள நிகழ்ச்சி வேண்டும் என்றதும் இராணுவ முகாமுக்குப் போன் எடுக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அவர்களிடம் உடுப்பும் மேளமும் பஸ்ஸும் தயாராக இருக்கும், சுலபம். செய்யாதீர்கள். சபை வளவுக்குள் சீருடை வந்து ஆடினால் அரைவாசிச் சனம் வாசலோடு திரும்பிவிடும். அதைவிட, நமக்குப் பக்கத்தில் வயல் செய்கிற சிங்களவர் யார் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். வவுனியா தெற்கில் தமிழ்ப் பிரதேச சபை ஒன்று, சிங்களப் பிரதேச சபை ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. செயலாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்கள்தான். அங்கே கேட்டால் பாடசாலைக் கண்டிய நடனக் குழுவும் கிடைக்கும், கொக்கிஸ் பலகாரம் சுடுகிற அம்மாவும் கிடைப்பார்.

இனி நம்மவர் பேச விரும்பாத ஒன்று. பறை அடிக்க வருகிறவர்களை வாசலிலேயே நிற்கவைத்து, அடித்து முடிந்ததும் கவரைக் கொடுத்து அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. நாலு இனத்தையும் மேடையில் ஏற்றிவிட்டு, பறைக்கலைஞரை வேலியோரம் விட்டால் அது என்ன விழா? அவர்களின் பெயர் நிகழ்ச்சிநிரலில் அச்சாகவேண்டும், கதிரை போடவேண்டும், சாப்பாடு எல்லோருக்கும் வைத்த அதே மேசையில். குழுவின் முதல் கூட்டத்திலேயே இதை எழுதிவையுங்கள். பிறகு யாராவது முணுமுணுத்தால் எழுதியதைக் காட்டலாம்.

பெயரும் பனரும் மொழியும்

விழாப் பெயரில் 'நல்லிணக்கம்' வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 2009க்குப் பிறகு அந்தச் சொல்லில் எத்தனை பயிற்சிப்பட்டறை, எத்தனை பைல் கவர், எத்தனை சோற்றுப் பார்சல்! கேட்டாலே சனத்துக்குக் கொட்டாவி வரும். 'எங்கட சபை, எங்கட நாள்' என்று வைக்கலாம். சிங்களத்தில் 'அபே சபாவ, அபே தவச' என்று அப்படியே வரும்.

பனரில் தமிழும் சிங்களமும் ஒரே அளவு எழுத்தில். ஒரு தடவை நாங்கள் செய்த பனரில் சிங்கள எழுத்துகள் உடைந்து, கொம்பு ஒரு பக்கம் சுழி ஒரு பக்கமாக அச்சாகி வந்தது. எங்கள் கணினியில் சரியாகத்தான் இருந்தது. அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. அன்று வந்த சிங்கள ஆசிரியர் ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, 'பரவாயில்லை, எங்கட கந்தோர்ப் பலகையில உங்கட தமிழும் இப்படித்தானே' என்றார். சிரித்தோம், ஆனாலும் வெட்கம்தான். பீடிஎஃப் ஆக அனுப்புங்கள். அச்சுக்கு முன் அந்த மொழியில் பிறந்தவர் ஒருவர் பார்க்கட்டும், முகநூல் மொழிபெயர்ப்பை நம்பவேண்டாம்.

ஊர்ப்பெயர்கள் தனிச் சங்கடம். ஒரே இடத்தைத் தமிழில் மணலாறு என்பதா, சிங்களத்தில் வெலிஓயா என்பதா என்று தொடங்கினால் அன்றைய கூட்டம் அதிலேயே முடியும். இரண்டுக்கும் பொருள் ஒன்றே, மணல் ஓடும் ஆறு; ஆனால் அந்தப் பெயர் மாற்றத்துக்குப் பின்னால் ஊரைவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அதனால் பனரில் ஊர்ப்பட்டியலே போடாதீர்கள். அழைப்பிதழின் தமிழ்ப் பக்கத்தில் தமிழ்ப் பெயர், சிங்களப் பக்கத்தில் சிங்களப் பெயர். காணிப் பிரச்சினையை ஒரு விழா தீர்க்காது. அப்படி ஒன்று இல்லை என்று மேடையில் பேசவும் கூடாது.

அறிவிப்பாளர் இருவர், ஒருவர் சொன்னதை மற்றவர் சுருக்கிச் சொல்லட்டும். முழுவதையும் மொழிபெயர்த்தால் இரட்டிப்பு நேரம், பிள்ளைகள் எழும்பி ஓடிவிடும். பேச்சு ஒருவருக்கு மூன்று நிமிடம். தேசிய கீதம் இசைப்பதானால் தமிழிலும் பாடலாம். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் இருப்பது தமிழ் வடிவம்தான். மடுத் திருவிழாவுக்குப் போயிருந்தால் இரண்டு மொழியிலும் பூசை எப்படி அலுப்பில்லாமல் போகிறது என்று பார்த்திருப்பீர்கள். நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

சாப்பாடு

மதியச் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்று, மரக்கறி. இதில் விவாதம் வேண்டாம். ஹலால், மாடு, பன்றி, விரதம் என்று எல்லாக் கேள்வியும் அதோடு முடிந்துவிடும். பாத்திரம் எங்கே எடுத்தது என்று கேட்பவர்களும் உண்டு. சமைக்கும் இடத்தையும் பாத்திரத்தையும் முஸ்லிம் குழுவினர் முன்கூட்டியே பார்க்கட்டும்.

கொண்டாட்டம் இருப்பது சிற்றுண்டி மேசைகளில். பால்புக்கை, கிரிபத், வட்டிலப்பம், கொக்கிஸ், பனங்காய்ப் பணியாரம், தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். புக்கையையும் கிரிபத்தையும் பக்கத்தில் வையுங்கள்; இரண்டும் அரிசியும் பாலும்தானே என்று ஆளுக்காள் ருசி பார்த்துக் கதைக்கத் தொடங்குவார்கள். எந்தப் பேச்சும் அந்த மேசை செய்கிற வேலையைச் செய்யாது. ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு மொழியிலும் பெயர், என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரி. வட்டிலப்பத்தில் முட்டை இருப்பது தெரியாமல் வெள்ளிக்கிழமை விரதக்காரர் சாப்பிட்ட கதை எங்களிடம் உண்டு (அது விழாவுக்கு முதல் நாள் ருசிபார்த்தது, அதனால் வெளியில் வரவில்லை).

பொலித்தீன் லஞ்ச் சீற் வேண்டாம். குளத்தில் தாமரை இலை இருக்கிற ஊர் இது. முதல் நாள் பின்னேரம் பெடியளை இறக்கினால் தேவையானது வரும். தண்ணீருக்கு பவுசர் ஒன்றை சபையிடமே கேளுங்கள்.

அன்றைய நாள்

வாசலில் வரவேற்பவர்கள் சபை உறுப்பினர்கள். இதை வற்புறுத்திக் கேளுங்கள். மாலை போட்டு அவர்களை மேடையில் இருத்தினால் அவர்கள் பிரதம விருந்தினர். வாசலில் நின்று 'வாங்கோ' என்றால் அவர்கள் வீட்டுக்காரர். பெண் உறுப்பினர்களுக்கு நால்வரில் ஒருவர் என்று சட்டம் இடம் வைத்திருக்கிறது. மேடைப் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தால் நேரக் கட்டுப்பாடு தானாக வரும்.

மங்கள விளக்கேற்றல் சிலருக்குச் சமய வழிபாடாகத் தெரியும். அதை வேண்டாம் என்று வெட்டவும் தேவையில்லை, எல்லோர் கையிலும் திரியைத் திணிக்கவும் தேவையில்லை. ஏற்ற விரும்புகிறவர் ஏற்றட்டும். பொதுவான தொடக்கமாக வளவில் ஒரு பாலை மரமோ முதிரையோ நடலாம். யார் தண்ணீர் ஊற்றுவது என்று குழு அட்டவணை போட்டால்தான் அது அடுத்த பங்குனி வெயில் தாண்டும்.

சபா மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். சபையில் விழா வைப்பதன் முழுப் பிரயோசனமும் இதில்தான் இருக்கிறது. நடனத்தை எந்தப் பாடசாலையிலும் பார்க்கலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருபது முப்பது பேரை உறுப்பினர் கதிரைகளில் இருத்தி ஒரு மணி நேர அமர்வு நடத்துங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் மொழியில் ஒரு பிரேரணை: 'எங்கட ஊருக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில பஸ் இல்லை', 'விளையாட்டு மைதானத்தில மாடு கட்டுகினம்', 'மையவாடிக்குப் போகிற பாதையில லைட் இல்லை'. ஆதரிக்கிற பிள்ளை வேறு சமூகமாக இருக்கவேண்டும் என்று மட்டும் விதி வையுங்கள். செயலாளர் பக்கத்தில் இருந்து குறிப்பு எடுக்கட்டும். நான் பார்த்த அமர்வில் ஒரு சிங்களப் பெடியன் யானை வேலி கேட்டான், ஆதரித்து எழும்பிய முஸ்லிம் பிள்ளை 'எங்கட ஊரிலயும் அதே யானைதான்' என்றது. பெரியவர்கள் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பிறகு கைதட்டல்.

பதிவேட்டு அறைகளைப் பூட்டிவிடுங்கள். சபா மண்டபத்துக்குள் சாப்பாடு போகக் கூடாது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இருக்கிறதா, மலசலகூடக் கதவு அகலம் போதுமா என்று ஒரு வாரம் முன் ஆளையே கூட்டிவந்து பாருங்கள். போரில் காயப்பட்டவர்கள் இல்லாத கிராமம் இங்கே இல்லை. பன்னிரண்டேகாலுக்கு லுஹர் தொழுகை. சாப்பாட்டு இடைவேளையை அதோடு சேர்த்தால் யாரும் நிகழ்ச்சியைத் தவறவிடமாட்டார்கள். ஒரு அறையும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். ஜெனரேற்றர் ஒன்று தயாராக இருக்கட்டும், கரண்ட் போகும்.

முடிந்த பிறகு

அன்று பின்னேரமே கூட்டித் துடைத்து, கதிரை எண்ணி, சாவியைக் கையெழுத்தோடு ஒப்படையுங்கள். வரவு செலவை ஒரு வாரத்துக்குள் இரண்டு மொழியிலும் சபை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். மிச்சம் இருபது ரூபா என்றாலும் எழுதுங்கள். பிள்ளைகளின் பிரேரணைகளைத் தட்டச்சு செய்து, அடுத்த அமர்வுக்கு ஒரு உறுப்பினர் மூலம் கொடுங்கள். என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய பொறுப்பும் உங்களுடையதுதான்.

கடைசியாகப் பானைகள். நாலு ஊரில் இருந்து வந்த சட்டிபானை ஒரே மாதிரித்தான் இருக்கும், ஆகவே வரும்போதே அடியில் பெயிண்டால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிடவேண்டாம். வெறும் பானையைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம்மில் இல்லை. ஒரு கை அரிசியோ சீனியோ போட்டுக் கொடுங்கள். அங்கே தேத்தண்ணி வரும், இருந்து குடித்துவிட்டு வாருங்கள்.